சகலன் திருத்திய எஞ்சின்

குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று என் காரை முந்திக்கொண்டு போனது.

நடந்தது ஒஸ்லோவில், குரோருட் ஏற்றத்தில். ஒரு இளம் தாய், இறுக்கமான ஓட்ட உடுப்பு, காதில் பாட்டு, கைக்கு முன்னால் மூன்று சக்கர வண்டி. அவர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தார். நான் வீதியில், முதலாம் கியரில், ஆக்சிலரேற்றரைத் தரையோடு மிதித்தபடி. முதலில் பக்கக் கண்ணாடியில் தெரிந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் தெரிந்தார். பிறகு... முன்னால். வண்டிக்குள் இருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கையசைத்தது.

நானும் கையசைத்தேன். வேறு என்ன செய்ய?

பின் சீட்டில் இருந்த என் மனைவி வதனி தலையை நீட்டி அந்த வண்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் இறங்கி நடக்கட்டோ? மேலை போய் நிண்டு உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். அறுபதுகளில் சுவீடனில் செய்தது. சிவப்பு. கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். நடந்ததில் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. அவர்கள் நல்ல கார்தான் செய்தார்கள். கெடுத்தது முழுக்க முழுக்க எங்கள் குடும்பம்.

"கார் எப்படி இருக்கிறது, ஏன் ஒன்றும் எழுதுவதில்லை?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எப்படி எழுதுவேன்? எழுதினால் என் சகலன் வாசிப்பார். இப்போது அவரே அனுமதி தந்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

மகள் ஆரணிக்குக் கல்யாணம் முற்றானதிலிருந்து தொடங்க வேண்டும். மாப்பிள்ளை கார்த்திக் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. ஒஸ்லோவில் கம்பியூட்டர் வேலை. மண்டபம் ஏற்றத்தின் உச்சியில், காட்டோரத்தில். எல்லாம் பேசி முடித்து எழும்பும்போது மகள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்பா, நான் உங்கடை காரிலைதான் மண்டபத்துக்கு வருவன்."

எந்த அப்பனுக்கு மனம் குளிராது? எனக்கு ஒரு கிழமைக்குக் குளிர்ந்தது.

கார்த்திக்தான் மெல்லக் கேட்டார். "மாமா, எதுக்கு ரிஸ்க்? பேசாம ஒரு எலக்ட்ரிக் கார் புக் பண்ணிடட்டுமா?" அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அதனாலேயே எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

உண்மையில் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நான் தனியாகப் போனால் என் கார் அந்த ஏற்றத்தை இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். கல்யாணத்தன்று தனியாகவா போவேன்? கூறைச் சீலையில் மகள். அவளுக்கு இந்தப் பக்கம் வதனி. அந்தப் பக்கம், மடியில் தட்டத்துடன், வதனியின் அக்கா. அவவை ஏற்றினால் முன் சீட்டில் அவவின் கணவர், அதாவது என் சகலன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். யாரையாவது இறக்க முடியுமா? மணப்பெண் வருகிற பொம்பிளைக் காரில் பெரியம்மாவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு அதன் பிறகு எந்த முகத்தோடு வாழ்வது?

போதாததற்கு நல்ல நேரம். அது முடிந்தால் ஐயர் ஒரு நிமிடமும் நிற்க மாட்டார். அவருக்கு அன்றைக்கு இன்னொரு வீட்டிலும் அலுவல்.

ஆகவே எஞ்சினுக்குப் பலம் ஏற்றுவது என்று முடிவெடுத்தேன்.

எஞ்சின் அப்படியொன்றும் விளங்காத சாமான் அல்ல. காற்றும் பெற்றோலும் தாராளமாக உள்ளே போக வேண்டும். போனது உள்ளே நன்றாக அமுங்க வேண்டும். சரியான கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். புகை தடையில்லாமல் வெளியேற வேண்டும். இந்த நான்கையும் கூட்டினால் பலம் கூடும். காற்றையும் பெற்றோலையும் கலந்து அனுப்பும் காபரேற்றர் ஒன்று இருந்த இடத்துக்கு நான் இரண்டு வாங்கினேன். வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கிற ஒரு தண்டு வாங்கினேன். அகலமான புகைக்குழாய் வாங்கினேன். எஞ்சினின் தலையும் உடம்பும் சேரும் இடத்தில் வைக்கும் காஸ்கெற் தகடு ஒன்று வாங்கினேன்... கைகாவலுக்கு இன்னொன்றும் வாங்கினேன். இந்த இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

சுவீடனிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கியபோது வதனி சீலை என்று நினைத்து ஓடிவந்தாள். புகைக்குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இதையெல்லாம் பூட்டுவது யார்? எங்கள் அடுக்குமாடியில் பக்கத்துப் படிக்கட்டில் பியோர்ன் இருக்கிறார். டிராம் பட்டறையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. "பியோர்னிடம் கேட்கலாம்" என்று நான் வாய் திறந்ததுதான், வதனி பிடித்துக்கொண்டாள்.

"அத்தான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை வெளியாளிட்டைப் போறீங்களோ? அக்கா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அத்தான் என்றால் என் சகலன் குணம் அண்ணை. வீடு ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லெஸ்ட்ரோமில். வேலை பஸ் ஓட்டுவது. அதற்கு முன், இருபது வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் மெக்கானிக்காக இருந்தார். இங்கே வந்தபோது அந்த வேலைக்குக் கடதாசி கேட்டார்கள். கராச்சே எரிந்துபோன ஊரிலிருந்து யார் கடதாசி கொண்டுவருவது? பஸ்ஸில் ஏறியவர்தான், முப்பது வருடமாக இறங்கவில்லை. இப்போது அந்த பஸ்ஸும் எலக்ட்ரிக் ஆகிவிட்டது. "மூடியைத் துறந்தா கண்ணாடி கழுவுற தண்ணி மட்டும்தான் தம்பி இருக்குது" என்று வருத்தப்படுவார்.

போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சியை நிற்பாட்டுவது கேட்டது. பிறகு, "எந்தச் சனி கொண்டுவாறீர்?" என்றார். குரல் மாறியிருந்தது.

மூன்று சனிக்கிழமைகள் அவருடைய கராச்சில் கழிந்தன. வழக்கமாக வாய் ஓயாத மனிதர், எஞ்சினைத் திறந்தபின் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நட்டுச் சாவி எடுத்துக் கொடுத்தேன், தேநீர் எடுத்துக் கொடுத்தேன், ஆலோசனை கொடுத்தேன். கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆணி முடுக்கும் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கிற மூடியை ஒரு மயிரிழை திருப்பினார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஒரு மயிரிழை.

மூன்றாம் சனி மேசையைத் துப்புரவாக்கும்போது பார்த்தேன். மிச்சக் காஸ்கெற்றைக் காணவில்லை.

"மற்றது எங்கை, அண்ணை?"

"போட்டாச்சு."

"ரண்டையுமோ?"

"இப்பிடித்தான் போடுறது. நீர் பேசாமல் இரும்."

ஒன்றுக்கு இரண்டு போட்டால் பலம்தானே என்று நானும் நினைத்தேன். கல்யாண வீட்டில் எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து பழகிய மூளை, வேறு எப்படி நினைக்கும்?

சத்தம் பிரமாதம். ஊரெல்லாம் சத்தமில்லாத எலக்ட்ரிக் கார் ஓடுகிற நாட்டில் நான் லில்லெஸ்ட்ரோமிலிருந்து குரோருட் வரும்வரை சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இரண்டு நாளில் எங்கள் படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது: "எங்களில் ஒருவர் ஹெலிகொப்டர் வாங்கியிருப்பதாகத் தெரிகிறது. வாழ்த்துகள். காலை ஒன்பது மணிக்குப் பின் கிளப்பினால் மகிழ்வோம்." கையெழுத்து இல்லை. நோர்வேயில் திட்டுவதென்றால் இப்படித்தான் திட்டுவார்கள்.

அந்தப் பெருமையோடுதான் வதனியை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஒத்திகை பார்க்கப் போனேன். மட்டமான வீதியில் உறுமிய கார் ஏற்றத்தில் உறுமியது... உறுமியது... நகரவில்லை. முந்தி இரண்டாம் கியரில் ஏறியது இப்போது முதலாம் கியரில் தவழ்ந்தது. மிச்சத்தை அந்தக் குழந்தையிடம் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு நான்கு கிழமை இருந்தது.

அன்று பின்னேரமே குணம் அண்ணை போன் எடுத்தார்.

"எப்பிடித் தம்பி, பறக்குதோ?"

"ஓம் அண்ணை. சனமெல்லாம் கையைக் காட்டுது."

இது பொய் அல்ல என்பதைக் கவனிக்கவும்.

அவர் அதோடு நிற்கவில்லை. பொம்பிளைக் காரைத் தான்தான் செய்தது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். பேர்கனிலிருக்கும் அவருடைய தங்கச்சி கூட எனக்குப் போன் எடுத்து, "அண்ணா இப்பதான் பழைய ஆளா இருக்கிறார்" என்றா. இந்த மனிதரிடம் போய், "நீங்கள் திருத்தியதால் கார் கெட்டுவிட்டது" என்று எப்படிச் சொல்வது? எங்கள் சனத்துக்குக் கோபம் வந்தால் சண்டை பிடிக்காது. கல்யாணத்துக்கு வராது. குணம் அண்ணை வராவிட்டால் அக்கா வரமாட்டா. அக்கா வராவிட்டால் வதனி மணவறைக்குப் பக்கத்தில் நின்று அழுவாள். சொல்லாவிட்டாலோ, மகள் நடுவழியில் கூறைச் சீலையுடன் நிற்பாள். எனக்கு நித்திரை போய்விட்டது.

கடைசியில் கோழை செய்வதைச் செய்தேன். குணம் அண்ணை வேலையில் இருக்கும் ஒரு புதன்கிழமைப் பின்னேரம் பார்த்து, பியோர்னைக் கள்ளமாகக் கூப்பிட்டேன்.

பியோர்ன் கைத்துப்பாக்கி வடிவத்தில் ஒரு விளக்கு கொண்டுவந்தார். தீப்பொறி விழும் ஒவ்வொரு தரமும் அது மின்னும். சுழலும் சக்கரத்தில் போட்டிருக்கும் அடையாளத்தின் மேல் பிடித்தால், பொறி நேரத்துக்கு விழுகிறதா, பிந்தி விழுகிறதா என்று தெரியும். பிடித்துப் பார்த்தார். அணைத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். பிறகு உள்ளே எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார்.

"சுவாரஸ்யம்" என்றார்.

நோர்வேக்காரர் ஒருவர் 'சுவாரஸ்யம்' என்று சொன்னால் நீங்கள் பக்கத்தில் ஒரு கதிரை தேடி உட்கார வேண்டும். நான் தேடினேன். அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"உவர் என்ன செய்யிறார்?"

குணம் அண்ணை. கையில் ஒரு வாளி பலகாரம், அக்கா கொடுத்துவிட்டது. ஷிப்ற் மாறியிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"சும்மா... பாக்கிறார், அண்ணை."

"பொனற்றுக்குள்ளை தலையை விட்டே சும்மா பாக்கிறார்?"

நான் பியோர்னுக்குக் கண்ணைக் காட்டினேன். கண்ணைக் காட்டினால் பேசக்கூடாது என்பது நம் நாட்டு வழக்கம். பியோர்ன் என் கண்ணில் தூசு விழுந்ததென்று நினைத்திருப்பார். நேரே குணம் அண்ணையிடம் திரும்பினார்.

"நீங்களா இதைச் செய்தீர்கள்? இவ்வளவு கவனமான வேலையை நான் கண்டதில்லை. நாலு சிலிண்டரிலும் அமுக்கம் ஒரே அளவாகக் குறைகிறது. பொறி ஒரே அளவாகப் பிந்துகிறது. தேய்மானம் என்றால் இப்படிச் சீராக இருக்காது. யாரோ தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எந்த எரிபொருளுக்காகச் செய்தீர்கள்?"

குணம் அண்ணை எஞ்சினைப் பார்த்தார்.  பிறகு வாளியை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ தம்பி... மண்ணெண்ணெய்" என்றார்.

போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காலையில் நாலு துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்ப வேண்டும். கிளம்பியபின் மண்ணெண்ணெய். ஆனால் மண்ணெண்ணெயை நன்றாக அமுக்கினால் அது நேரம் தப்பி வெடித்து எஞ்சின் இடிக்கும். ஆகவே இரண்டு காஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார்கள். பொறியையும் பிந்தி விழ வைப்பார்கள். அந்த வயதில் குணம் அண்ணை வேறு வேலையே பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கான எஞ்சின்களை அப்படித்தான் மாற்றினார். பிறகு முப்பது வருடம் ஒன்றையும் தொடவில்லை. தொட்டவுடன் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

சுவீடனிலிருந்து நான் பார்த்துப் பார்த்து வாங்கிய சாமான்களை வைத்து, வட ஐரோப்பாவிலேயே மண்ணெண்ணெய்க்கு மிகச் சரியாகப் பொருந்தும் காரை அவர் செய்து தந்திருந்தார்.

கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்தும் அது நிற்கவில்லை.

"முப்பது வருசம் தம்பி. ஒரு நட்டுக் கழட்டேல்லை. ஒருத்தரும் கேக்கவும் இல்லை. நீர்தான் முதல் கேட்டனீர். கேட்டவுடனை... கை நேரை அங்கை போயிட்டுது."

 கார் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்றிருந்தது. "விடுங்கோ அண்ணை, எலக்ட்ரிக் கார் ஒண்டை வாடகைக்கு எடுப்பம்" என்றேன்.

அவர் எழுந்து காற்சட்டையைத் தட்டினார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? பிள்ளை வாற கார். கெடுத்தவன் நான், திருத்துறவனும் நான்தான்."

பியோர்ன் இந்த இடைவெளியில் வாளியைத் திறந்து இரண்டு முறுக்குச் சாப்பிட்டிருந்தார். "இதுவும் நீங்கள் செய்ததா?" என்று கேட்டார். குணம் அண்ணை இல்லை என்றார். "அப்படியானால் சாப்பிடலாம்" என்று மூன்றாவதை எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோம் கராச்சில் மூன்று பேர். புதிதாக ஒரு காஸ்கெற், ஒன்றே ஒன்று. பியோர்ன் விளக்கை நீட்டினார். குணம் அண்ணை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திருப்புளியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். இந்தத் தடவை அதிக நேரம் எடுத்தார். கை ஒரு பக்கம் திரும்பப் பார்ப்பதும், அவர் அதைப் பிடித்து மறுபக்கம் திருப்புவதும் எனக்கே தெரிந்தது. "சரி, இப்ப பாக்கச் சொல்லும்" என்றார். பியோர்ன் விளக்கைப் பிடித்தார். அடையாளத்துக்கு நேரே விழுந்தது வெளிச்சம்.

"ஆம்" என்றார் பியோர்ன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நோர்வேக்காரரிடமிருந்து பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

திரும்பி வரும் வழியில் யோசித்தேன். குணம் அண்ணையைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன? டாங்கில் பெற்றோல் பாதிக்குக் கீழே போனால் கண்ட முதல் இடத்திலேயே நிறுத்தி நிரப்பிவிடுகிறேன். வருடத்தில் ஒருமுறைகூட விளக்கு அணையாத வீட்டில் வதனி அறைக்கு அறை மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் வைத்திருக்கிறாள். இல்லாத காலத்துக்கு ஏற்றபடி யாரோ எங்களை ஒருமுறை நன்றாகப் பூட்டிவிட்டார்கள். பெற்றோல் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நாங்கள்தான் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை.

கல்யாண நாள் வந்தது.

எங்கள் முறைப்படி மாப்பிள்ளைதான் முதலில் வர வேண்டும். அவர் வந்து, தோழன் கால் கழுவி, மணவறையில் இருந்த பிறகுதான் பொம்பிளைக் கார் வாசலுக்கு வரலாம். நான் கணக்குப் போட்டுத்தான் புறப்பட்டேன். ஏற்றத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். ஐந்து பேரும் ஏறினோம். தட்டம், தேங்காய், பூ, எல்லாம் ஏறின. ஏற்றத்தின் அடியில் மூன்றாம் கியர் போட்டு மிதித்தேன்.

கார் பாய்ந்தது.

அக்கா தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "முருகா, முருகா" என்றா. "ஸ்லாப் அவ், பெரியம்மா, ஒண்டும் நடக்காது" என்று மகள் நோர்வேஜிய மொழியும் தமிழுமாக ஆறுதல் சொன்னாள். முன் சீட்டில் குணம் அண்ணை நேரே பார்த்தபடி இருந்தார். காது மட்டும் எஞ்சின் பக்கம்.

மூன்று நிமிடத்தில் உச்சி. வாசலில் ஒருவரும் இல்லை. கதவைத் திறந்துகொண்டிருந்த ஒரு பையன் எங்களைப் பார்த்துத் திகைத்தான். ஐயர் அப்போதுதான் செருப்பைக் கழற்றுகிறார். மாப்பிள்ளையைக் காணோம்.

"பொம்பிளை முந்தி வரப்படாது. திருப்புங்கோ, திருப்புங்கோ" என்று வதனி பதறினாள்.

திருப்பினேன். இறங்கினோம். பாதி இறக்கத்தில் கார்த்திக்கின் எலக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "மாமா, எங்க போறீங்க? பொண்ணக் கொண்டுட்டு எங்க போறீங்க?" விளக்கம் சொல்ல நேரமில்லை. அடிக்குப் போய், கால்மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஏறினோம். நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் குணம் அண்ணையைச் சுற்றிப் பெரிய கூட்டம். மண்ணெண்ணெய்க் கதையை அவரே சொன்னார். நான் கேட்டதைவிட நீளமாக.

போன செவ்வாய்க்கிழமை பொலிஸிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒரே ஏற்றம், ஒரே கமரா, ஒரே சிவப்புக் கார். ஏன் இரண்டு தரம் என்று அவர்களும் குழம்பியிருப்பார்கள். வேகம் தப்புத்தான், வாசகர்களே. ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டேன். படங்களையும் கேட்டு வாங்கினேன். இரண்டும் இப்போது கல்யாண அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மறைத்துத்தான் தருவார்கள், அது இங்கே வழக்கம். கைகளை மறைப்பதில்லை. முதல் படத்தில் ஒரு கை முன்பலகையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே கை, விரல்களை விரித்து, "இன்னும் மிதியும்" என்று முன்னால் வீசுகிறது.

முகம் இல்லாவிட்டால் என்ன... அது யாருடைய கை என்று எங்கள் சனத்தில் எல்லோருக்கும் தெரியும்.